இருபத்தோராவது ரூபாய்

— தொட்டுத்தான் பாருங்களேன் அண்ணி. அதென்ன தேளா, கொட்டறதுக்கு?

— அங்கியே இருக்கட்டும் பஷீரு. நீ மொதல்ல தண்ணியைக் குடி.

— தண்ணி குடிக்கிற நேரமா இது? சாயந்திரம் அசர் தொழுகைக்கு அடக்கம்னு பள்ளிவாசல்ல சொல்லியாச்சு. அண்ணனைக் குளிப்பாட்ட ஆளுங்க வந்து நிக்கிறாங்க. இங்கேருந்து ஓசூரு போய்ச் சேரவே ஒண்ணரை மணி நேரம் ஆவும். டிரைவர் வேற ஆரன் அடிச்சிக்கினே இருக்கான், கேக்குதில்ல?

— எப்ப போச்சு உசுரு?

— விடிகாலைத் தொழுகைக்கு எழுந்து கைகால் கழுவிட்டு வந்தாரு. பாயில உக்காந்தவரு அப்படியே சாஞ்சிட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னுகூட சொல்லலை. தில்ஷாத் அண்ணி… தில்ஷாத் வந்து பாக்கறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு.

— அவளையும் அண்ணின்னே சொல்லு. என் எதிர்ல என்னத்துக்கு முழுங்கறே? உங்க அண்ணன் கட்டினவதானே அவளும்.

— சரி அண்ணி. நான் சொல்றதைக் கேளுங்க. பள்ளிவாசல் ஹஜ்ரத்து என்ன சொல்றாருன்னா, நிக்காஹ்ல பொண்ணுக்குத் தர்றேன்னு ஒத்துக்கிட்ட மஹர் பாக்கி நின்னா அது கடன்தான். மய்யித்து வீட்டை விட்டுக் கெளம்பறதுக்குள்ள அதைக் குடுத்துடணும். இல்லேன்னா அந்தப் பொம்பளை தன் வாயால மாப்பு பண்ணிட்டேன்னு சொல்லணும். 'கிருஷ்ணகிரியில அக்காவுக்குப் பாக்கி இருக்கு, போய் முடிச்சிட்டு வாங்க'ன்னு தில்ஷாத் அண்ணிதான் என்னை வெரட்டி அனுப்பிச்சாங்க.

— எவ்வளவு பாக்கின்னு சொன்னாளா?

— ஒரு ரூபா. அதுதான் எனக்குத் தாங்கலை. அவங்க சொன்னதும் நான் சரியாக் கேக்கலையோன்னு நெனைச்சேன். ஒத்தை ரூபாய்க்கா அண்ணி, ஒரு மனுசனை இத்தனை வருசம் கடன்காரனா நிக்க வெச்சீங்க?

— ஒத்தை ரூபா இல்லே. ஒத்தை வெள்ளி ரூபா.

— அதைத்தானே கொண்டாந்து உங்க முன்னால வெச்சிருக்கேன். வேணும்னா இந்தாங்க, நூறு ரூபா நோட்டு. இதையும் வெச்சிக்கிங்க. போதலைன்னா சொல்லுங்க, கம்பெனியில அட்வான்ஸ் போட்டு…

— நோட்டை மடிச்சி உள்ள வை. அதுல தர்றேன்னு வாக்குதான் எழுதியிருக்கும்னு எங்கத்தா சொல்லுவாரு. வாக்கு ஏற்கெனவே ஒண்ணு இருக்கு எங்கிட்ட.

— உங்க அத்தா பேச்சு இப்ப எதுக்கு அண்ணி?

— அவர் பேச்சுலதான் எல்லாம் இருக்கு. எங்க நிக்காஹ் அன்னிக்கி உனக்கு எத்தினி வயசு இருக்கும்?

— ஏழோ எட்டோ. நெய்ச்சோறு ரெண்டாம் தரம் கேட்டு எங்கம்மாகிட்ட அடி வாங்கினேன். அது ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு.

— யுத்த காலம் அது. அரிசிக்கு அல்லாடற நேரத்துல நெய்ச்சோறு ஆக்கினதே பெரிசு. மஹர் இருபத்தோரு வெள்ளி ரூபான்னு பேச்சு. உங்கத்தா ஒரு துணிப்பையை அவுத்து தட்டுல கொட்டினாரு. எங்கத்தா புளி யாவாரி, சும்மா வாங்குவாரா? ஒவ்வொண்ணா எடுத்து கருங்கல்லு மேல போட்டுப் பாத்தாரு. நான் கதவுக்குப் பின்னால நின்னு கேக்கறேன். இருவது காசும் கணீர் கணீர்னு பாடுச்சு. கடைசி ஒண்ணு பொத்துனு விழுந்துச்சு, ஓட்டாஞ்சில்லு கணக்கா.

— கள்ளக்காசா?

— கள்ளக்காசா இருந்திருந்தா வம்பே இல்லையே. அது சர்க்கார் காசுதான். யுத்தத்துல வெள்ளிக்குத் தட்டுப்பாடுன்னு வெள்ளைக்காரன் புதுசா அடிச்ச ரூபாயில பாதிதான் வெள்ளி போட்டான். மிச்சம் செம்பு, துத்தநாகம், என்னென்னவோ. பழைய காசுல தாடி வெச்ச ராஜா, அது முழு வெள்ளி. புதுசுல அவர் மகன், மழிச்ச மொகம், அது பாதி வெள்ளி. எடை ஒண்ணு. பேரும் ஒண்ணு. கல்லு மேல போட்டாத்தான் அப்பன் வேற, புள்ளை வேறன்னு தெரியும்.

— ரூபான்னா ரூபாதானே அண்ணி. கடையில ரெண்டுக்கும் ஒரே அரிசிதானே அளந்து போட்டிருப்பான்.

— உங்கத்தாவும் அதைத்தான் சொன்னாரு. கூத்தைக் கேளு, அந்த வருசம் மே மாசத்தோட தாடி ராஜா காசு செல்லாதுன்னு சட்டம் போட்டுட்டாங்க. வெள்ளியை வாங்கி உருக்கிக்கலாம்னு சர்க்காருக்கு நெனைப்பு. சனங்க குடுப்பாங்களா? பானையில போட்டுப் புதைச்சாங்க. 'சம்பந்தி, சட்டப்படி பாத்தா நான் குடுத்த இருவதும் செல்லாக்காசு, இந்த ஒண்ணுதான் செல்லும். செல்ற காசைப் போய் வேணாம்ங்கறியே'ன்னு உங்கத்தா சிரிக்கிறாரு.

— அதுவும் நெசந்தானே.

— எங்கத்தா சிரிக்கலை. 'செல்லாட்டிப் போவட்டும், எம்பொண்ணுக்குப் பேசினது வெள்ளி'ன்னு அந்தக் காசைத் தட்டை விட்டுத் தள்ளி வெச்சிட்டாரு. அப்பத்தான் உங்க அண்ணன் பேசினாரு. 'அந்த ஒண்ணை நான் நல்லதா மாத்தித் தர்றேன் மாமா. என் பொறுப்பு'ன்னாரு. மொகம் அப்புறந்தான் பாத்தேன். மொத மொத அவர் பேசி நான் கேட்டது அதுதான்.

— ஆனா மாத்தித் தரலை.

— ஏழெட்டு வருசம் ஒரே தட்டுல சோறு தின்னோம். அவர் சம்பாரிச்சதெல்லாம் என் கையிலதான் இருந்துச்சு. அந்த ஒத்தை ரூபா யாருக்கு ஞாபகம் வரும்? அப்புறம் புள்ளை இல்லை, புள்ளை இல்லைன்னு உங்கம்மா அழுது அழுது தில்ஷாதைக் கொண்டாந்தாங்க. அவ வந்த அன்னிக்கே நான் பொட்டியைத் தூக்கிக்கினு எங்கத்தா வீட்டுக்கு வந்துட்டேன்.

— நீங்களாத்தான் வந்தீங்க அண்ணி. யாரும் உங்களைப் போன்னு சொல்லலை.

— இருன்னும் யாரும் சொல்லலை பஷீரு.

— அண்ணன் மாசாமாசம் பணம் குடுத்தனுப்பிச்சாரே. நான்தானே கொண்டாந்தேன். வாசல்லியே நிக்க வெச்சித் திருப்பி அனுப்பிச்சீங்க. அப்புறம் அவரும் விட்டுட்டாரு. பழைய இரும்புக் கடை போட்டாரு, மூக்கண்டப்பள்ளியில கம்பெனிங்க வந்ததும் யாவாரம் நல்லாத்தான் நடந்துச்சு. ஆனா வீட்ல கிருஷ்ணகிரின்னு யாராச்சும் பேச்செடுத்தா எழுந்து போயிடுவாரு. முப்பது வருசத்துக்கு மேல ரெண்டு பேரும் மொகத்தைக்கூட பாத்துக்காம…

— யார் சொன்னது பாத்துக்கலைன்னு?

— என்ன அண்ணி சொல்றீங்க?

— வருசா வருசம் வருவாரு. நோம்புப் பெருநாள் கழிஞ்ச வாரத்துல ஒரு நாள்.

— இங்கியா? கிருஷ்ணகிரியில ஒரு பார்ட்டி பழைய மிசினை எடைக்குப் போடறான், பாத்துட்டு வர்றேன்னுதானே கடைச் சாவியைக் குடுத்துட்டுப் போவாரு. ஒரு தரம்கூட இரும்பு வந்ததில்லை. ரேட்டு படியலைம்பாரு… தில்ஷாத் அண்ணிக்குத் தெரியுமா இது?

— ஒரு ரூபா பாக்கின்னு உன்னை அனுப்பினவளுக்கு மிச்சம் தெரியாமயா இருக்கும்?

— காத்தூன் அக்கா, வாசல்ல காரு நிக்குதே, யாரு வந்திருக்கிறது?

— வா சரோஜா. இது என் கொழுந்தன் பஷீரு, ஓசூர்ல கம்பெனியில பிட்டரா இருக்கான். பஷீரு, இது சரோஜம்மா. பக்கத்து வீடு. என்கூட மாம்பழக்கூழ் பேக்டரிக்கு வருவா.

— அப்ப அவரு வரலையா அக்கா? இத்தினி நாளு காத்திருந்தியே.

— நீ சும்மா இரு சரோஜா.

— என்ன சும்மா இரு? நீங்களே கேளுங்க தம்பி. இது மாங்கா சீசன். நாலு நாள் போவலைன்னா வேற ஆளைச் சேத்துக்குவான் மேஸ்திரி. இந்தக்கா என்னடான்னா பெருநாள் முடிஞ்சதிலேருந்து வேலைக்கே வர்றதில்லை. கேட்டா மாங்காப்பால் பட்டுக் கை புண்ணாயிடுச்சும்பாங்க. வருசா வருசம் இதே கதை. அந்த வாரம் பூரா கடைக்குக்கூட போவ மாட்டாங்க, தண்ணிக்கும் என்னைத்தான் அனுப்புவாங்க. எந்த நேரத்துல வந்துடுவாரோன்னு…

— சரோஜா. அவரு மவுத்தாயிட்டாரு.

— யாரு? டீ குடிக்க வருவாரே, அவரா?

— ஆமா. இன்னிக்கிக் காலையில.

— ராமா… அக்கா, நான் இங்கியே உக்காரட்டா?

— வேணாம். நீ போய் ஒல கொதிக்குதான்னு பாரு. நானே கூப்பிடறேன்.

— சரிக்கா. கூப்பிடு. பக்கத்துலதான் இருக்கேன்.

— பஷீரு, நீ இன்னும் தண்ணியைத் தொடலையே.

— தண்ணி இருக்கட்டும் அண்ணி. அண்ணன் வந்தா என்னதான் பேசுவீங்க ரெண்டு பேரும்?

— என்ன பேச? நீ உக்காந்திருக்கியே, அந்த நாற்காலியிலதான் உக்காருவாரு. ஜோபியிலேருந்து ஒரு காசை எடுத்து இப்ப நீ வெச்ச மாதிரியே வைப்பாரு. நான் எடுத்து வாசப்படிக் கல்லு மேல போடுவேன். ஒரு வருசம் மழிச்ச ராஜா. மறு வருசம் தாடி ராஜாதான், ஆனா எந்தப் பொம்பளையோ கழுத்துல போட ஓட்டை போட்டு, அதை ஈயத்தால அடைச்சிருந்துச்சு. ஒரு தரம் ராணி தலை, விளிம்பெல்லாம் ராவி வெள்ளியைத் திருடின காசு. 'இது ஆவாது, எடுத்துட்டுப் போங்க'ம்பேன். 'சரி, அடுத்த தரம் நல்லதா பாத்துக் கொண்டாறேன்'ம்பாரு. டீ குடிப்பாரு. பஸ் ஏறிடுவாரு.

— அவ்ளோதானா?

— நயா பைசா வந்த புதுசுல ஒரு தரம், 'அணாவெல்லாம் போயிடுச்சு காத்தூனு, இனிமே எந்த ரூபாயும் ஒண்ணுதான்'னு பளபளன்னு சிங்கத்தலை போட்ட புது ரூபாயைக் கொண்டாந்தாரு. இரும்பு யாவாரியில்ல, ஜோபியில எப்பவும் ஒரு காந்தம் இருக்கும். அதை வாங்கி அந்த ரூபா மேல வெச்சேன். கப்புனு ஒட்டிக்கிச்சு. ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. இந்த வீட்ல நாங்க சேந்து சிரிச்சது அந்த ஒரு தரம்தான்.

— அண்ணன் சிரிச்சாரா? எங்க வீட்ல அவர் சிரிச்சி நான் பாத்ததே கம்மி.

— இன்னொரு வருசம் மழை. ஓடு ஒழுகுதேன்னு அந்த வயசுல மேல ஏறிட்டாரு. சட்டை ஆணியில மாட்டிக் கிழிஞ்சிடுச்சு. கழட்டச் சொல்லி நான் தெச்சிக் குடுத்தேன். அந்த வருசம் ரெண்டு டீ.

— அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. இவ்ளோ தூரம் வர்ற மனுசன். ஒரு நல்ல காசு அகப்படலை, அவ்ளோதானே. 'போவட்டும், குடுங்க'ன்னு நீங்க ஒரு தரம் கை நீட்டி வாங்கியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்.

— முடிஞ்சிருக்கும்.

— பின்னே?

— முடிஞ்சிட்டா அப்புறம் எதுக்கு வருவாரு?

— அண்ணி…

— பாவமாப் பாக்காதே. எனக்கு ஆத்திரமும் உண்டு. இரும்புக் கடையில அவரை மாதிரி ஆளு கிடையாதுன்னு சொல்லுவாங்களே, நெசமா?

— கண்ணைக் கட்டிட்டுத் தட்டிக் காட்டினாப் போதும். இது செம்பு, இது பித்தளை, இது வெண்கலத்துல கலப்புன்னு பிரிச்சி வெச்சிடுவாரு. எங்க கம்பெனி ஸ்டோர்ஸ் ஆளுங்களே சந்தேகம்னா அவர்கிட்டதான் வருவாங்க.

— அப்பேர்ப்பட்டவருக்குத் தாடிக்கும் மழிச்ச மொகத்துக்கும் வித்தியாசம் தெரியாதா? எல்லாம் தெரியும். எனக்குன்னா மட்டும் சொத்தைக் காசு. ஒவ்வொரு வருசமும் அது கல்லு மேல பொத்துனு விழறப்ப என் வயித்துல விழற மாதிரி இருக்கும். புள்ளை பெக்காதவளுக்கு இது போதும்னு நெனைக்கிறாரோன்னு தோணும். கேட்டதில்லை. கேட்டு, ஆமான்னுட்டா?

— அண்ணன் அப்படி நெனைக்கிற ஆளு இல்லை.

— இல்லாமலும் இருக்கலாம். ஒரே ஒரு தரம் நல்ல காசா வெச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். வாங்கியிருக்க மாட்டேன். ஏதாச்சும் நொட்டை சொல்லித் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன். ஆனா கொண்டாந்தாரேன்னு மனசுல வெச்சிருப்பேன். அவர் குடுத்த அந்த இருவது காசாவது கையில இருந்தாலும் பரவாயில்லை. எங்கத்தா மருந்துக்குப் பாதி போச்சு. வெள்ளி கிடுகிடுன்னு ஏறின வருசம் மிச்சத்தைப் போட்டுத்தான் கண்ணு ஆபரேசன் பண்ணிக்கிட்டேன்.

— அதோ, மறுபடியும் அடிக்கிறான் ஆரன். நான் இப்ப என்ன சொல்லிக்கினு போவட்டும் அண்ணி? அங்க அத்தனை பேரும் என் மொகத்தைத்தான் பாப்பாங்க.

— தில்ஷாத் என்ன பண்றா?

— அழக்கூட இல்லை. சுவத்துல சாஞ்சி உக்காந்திருக்காங்க. நான் கெளம்பறப்ப மட்டும் கூப்பிட்டு, 'அக்கா வராம மொகத்தை மூட விடமாட்டேன், கையோட கூட்டிட்டு வாங்க'ன்னாங்க.

— அப்படியா சொன்னா?

— அல்லா சாட்சியா.

— அவ இத்தா இருக்கணும். நாலு மாசம் பத்து நாள், வீட்டை விட்டு வெளிய வரக்கூடாது. நானும் இருக்கணும் இல்ல?

— ஆமா அண்ணி. தலாக் ஆவலையே. நீங்களும் அவர் பொண்டாட்டிதானே.

— பாக்கறவங்க சிரிப்பாங்க. இத்தினி வருசம் இந்த வீட்ல ஒண்டியா இருந்தேனே, இதுக்குப் பேரு என்னான்னு உங்க ஹஜ்ரத்தைக் கேட்டுச் சொல்லு.

— எழுந்திருங்க அண்ணி. வாங்க, போலாம்.

— இரு. அந்தக் காசை எடு இப்படி. நானே போட்டுப் பாக்கறேன்… கேட்டியா?

— கேட்டேன்.

— இன்னும் ஓயலை பாரு. தாடி ராஜா. ஓட்டை இல்லை, ராவல் இல்லை. எங்கத்தா இருந்திருந்தா தலையை ஆட்டியிருப்பாரு.

— அப்ப மாப்பு பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க அண்ணி. நான் சாட்சி.

— மாப்பு பண்ணலை. நான் எதுக்கு மாப்பு பண்ணணும்? வாங்கிக்கிட்டேன்னு சொல்லு. இருபத்தோரு ரூபாயும் காத்தூன் கைக்கு வந்து சேந்துடுச்சு. அப்துல் சலாம் எனக்கு இனி ஒண்ணும் தர வேண்டியதில்லை. போதுமா?

— போதும் அண்ணி. போதும்.

— முந்தானையில முடிஞ்சிக்கிறேன். அந்தக் கொடியில புர்க்கா தொங்குது பாரு, எடு. சரோஜா, வீட்டைப் பாத்துக்கோ, நான் ஓசூரு போறேன்… ஏன் பஷீரு, இதை எங்க வாங்கினே? பெங்களூர்லயா?

— பெங்களூரு போவ நேரம் ஏது? இங்கதான். வர்ற வழியில பஜார்ல காரை நிறுத்தினேன். சேட்டு கடையில. ஒத்தை ரூபா காசுக்கு அம்பது ரூபா வாங்கிட்டான்.

— நம்ம பஜார்லயா? இதோ, இந்தத் தெரு முனை திரும்பினா பஜார். பாத்தியா, அவருக்கு இத்தினி வருசம் அகப்படலை. உனக்கு வந்த அன்னிக்கே அகப்பட்டுடுச்சு.

— அண்ணி.

— என்ன, அங்கியே நின்னுட்டே? வா, நேரமாவுதுன்னு நீதானே சொன்னே.

— அந்தச் சேட்டு எங்கிட்ட ஒண்ணு கேட்டான். நான் இருந்த அவசரத்துல அது மண்டையில ஏறலை. யாரையோ நெனைச்சிப் பேசறான்னு விட்டுட்டேன்.

— என்ன கேட்டான்?

— 'ஓசூரா நீங்க? எங்கப்பா காலத்திலேருந்து உங்க ஊர்க்காரர் ஒருத்தர் பெருநாள் முடிஞ்சா வருவாரு. தட்டு நெறைய நல்ல காசைக் கொட்டினாலும் ஒவ்வொண்ணா சுண்டிப் பாத்துத் தள்ளி வெச்சிட்டு, குறை உள்ளதா ஒண்ணு குடு சேட்டுன்னு கேட்டு வாங்கிட்டுப் போவாரு. உங்களுக்கு எப்படி வேணும், நல்லதா, குறை உள்ளதா?'ன்னு கேட்டான் அண்ணி.